கடை யாருடையது, சரக்கு யாருடையது?

பேரங்காடியில் அரிசி வாங்கப் போகிறவர் இரண்டு வகைப் பைகளைப் பார்ப்பார். ஒன்றில் அந்தப் பேரங்காடியின் பெயரே அச்சிடப்பட்டிருக்கும். மற்றொன்றில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். முதல் பையில் வண்டு கிடந்தால் கடைக்காரரே பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது பையில் வண்டு கிடந்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் வண்டு எப்படி வந்தது என்று அந்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். அதே கட்டடத்தின் நடைவழியில் மேசை போட்டுக் கைப்பேசி உறை விற்பவரிடம் வாங்கினால் கதை வேறு. அடுத்த வாரம் அந்த மேசையே அங்கு இருக்காது. வீட்டுக்குச் சாமான் வாங்கும் எவருக்கும் இந்த வேறுபாடு தெரியும். இதை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதே மனிதர் கைப்பேசியைக் கையில் எடுத்துச் செயலி ஒன்றைத் தேடும்போது, கண்ணுக்குத் தெரிந்த அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. கைப்பேசியைச் செய்த நிறுவனத்தின் சொந்தச் செயலியும், வங்கியின் செயலியும், எங்கோ ஒரு மாணவர் விடுமுறையில் எழுதிய செயலியும், ஏமாற்றுக்காரர் போட்ட செயலியும் ஒரே அளவுச் சதுரப் படமாக வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்தான். தொட்டால் இறங்குகிறது. நடைவழி மேசைக்கும் கடையின் உள் அலமாரிக்கும் இடையில் இருந்த சுவர் அங்கே இல்லை.

ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் 500 செயலிகள் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் கூகல் தன் சந்தையைத் திறந்தது. 2012இல் அதற்குக் கூகல் பிளே என்று பெயர் மாற்றியது. இன்று இரண்டு சந்தைகளிலும் செயலிகள் இலட்சக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. ஐந்நூறு பொருள் உள்ள கடையில் ஒவ்வொன்றையும் யார் செய்தார் என்று கடைக்காரருக்குத் தெரியும். இலட்சக்கணக்கில் பொருள் உள்ள இடத்தைக் கடை என்று சொல்வதைவிடச் சந்தைத் திடல் என்று சொல்வதே பொருந்தும். திடலின் சொந்தக்காரர் வாடகை வாங்குவார், வாசலில் காவலாளியை நிறுத்துவார், திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் அப்புறப்படுத்துவார். ஒவ்வொரு மேசையிலும் விற்கும் பொருளுக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை.

இங்கே ஒரு சொல்லைச் சற்று விளக்க வேண்டும். 'மூன்றாம் தரப்புச் செயலி' என்று அடிக்கடி செய்தியில் வருகிறது. பெரும்பாலும் எச்சரிக்கையோடு சேர்ந்தே வருவதால், பலர் அதை ஏதோ நோய்க்கிருமியின் பெயர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. சாதனத்தையோ சேவையையோ செய்தவர் முதல் தரப்பு. அதைப் பயன்படுத்துகிறவர் இரண்டாம் தரப்பு. இவர்கள் இருவரும் அல்லாத வேறு எவர் ஒரு செயலியைச் செய்து அந்தச் சாதனத்துக்கு அளித்தாலும் அவர் மூன்றாம் தரப்பு. அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் வங்கியின் அதிகாரபூர்வச் செயலியே கூகலின் சந்தையில் மூன்றாம் தரப்புச் செயலிதான். வாட்ஸ்அப்பும் அப்படித்தான், அதன் சொந்தக்காரர் மெட்டா நிறுவனம், அலமாரி கூகலுடையது.

ஆகவே 'இது மூன்றாம் தரப்பா?' என்று மட்டும் கேட்பதில் பயன் குறைவு. 'யாருக்கு மூன்றாம் தரப்பு?' என்று கேட்டால்தான் விவரம் புரியும். வங்கியின் செயலி கூகலுக்கு மூன்றாம் தரப்பு, வங்கிக்கோ சொந்தச் சரக்கு. பணம் காணாமல் போனால் வங்கியைக் கேட்கலாம். ஆனால் 'உங்கள் எல்லா வங்கிக் கணக்குகளும் ஒரே திரையில்' என்று சொல்லும் யாரோ ஒருவரின் செயலி, கூகலுக்கும் மூன்றாம் தரப்பு, வங்கிக்கும் மூன்றாம் தரப்பு. அங்கே ஏதாவது நடந்தால் இருவரும் கைவிரிப்பார்கள். அவர்கள் கைவிரிப்பதில் நியாயமும் இருக்கும்.

செய்தவர் யார் என்பதும் பொறுப்பேற்பவர் யார் என்பதும்கூட வெவ்வேறு கேள்விகள். நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் சந்தைகள் இதைக் கைப்பேசிச் சந்தைகளைவிட நேர்மையாகக் கையாண்டிருக்கின்றன. ஸ்பிளங்க் என்பது பெரிய நிறுவனங்களின் கணினிப் பதிவேடுகளை அலசிப் பார்க்க உதவும் மென்பொருள். 2024இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அதனுடன் இணைக்கும் துணைச் செயலிகளுக்கு ஸ்பிளங்க்பேஸ் என்று தனிச் சந்தை உண்டு. அங்கே செயலிகளுக்கு 'ஸ்பிளங்க் ஆதரவு', 'உருவாக்குநர் ஆதரவு', 'ஆதரவு இல்லை' என்று மூன்று முத்திரைகள் இடும் வழக்கம் வந்தது. ஸ்பிளங்க் ஊழியர்களே எழுதி வெளியிட்ட சில செயலிகள்கூட 'ஆதரவு இல்லை' என்ற முத்திரையோடு வந்ததுண்டு. எழுதியவர் உள்ளே வேலை செய்பவர்தான், ஆனால் பழுதானால் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைக்க முடியாது என்பதே அதன் பொருள். ஒரு கடைக்காரர் தன் பொருளின் மீதே 'இதற்கு உத்தரவாதம் இல்லை' என்று ஒட்டி வைப்பதைப் போன்றது இது. பார்ப்பதற்கு அழகாக இல்லாவிட்டாலும் வாங்குகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள சீட்டு வேறில்லை.

கைப்பேசிச் சந்தையில் அப்படிப்பட்ட சீட்டு கிடையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு சிறிய வரி: செயலியின் பெயருக்குக் கீழே உருவாக்குநரின் பெயர். பத்தில் ஒன்பது பேர் அந்த வரியைப் படிப்பதில்லை என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். படித்தாலும் அது எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2017 நவம்பரில் கூகல் பிளேயில் வாட்ஸ்அப்பைப் புதுப்பிக்கும் செயலி என்று ஒன்று வந்தது. உருவாக்குநர் பெயர் 'வாட்ஸ்அப் இன்க்.' என்றே இருந்தது. உண்மையான நிறுவனத்தின் பெயருக்கும் அதற்கும் கண்ணால் காணக்கூடிய வேறுபாடு இல்லை. பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றெழுத்தைச் சேர்த்திருந்தார்கள். கணினிக்கு அது வேறு பெயர், மனிதக் கண்ணுக்கு அதே பெயர். அது நீக்கப்படுவதற்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டுவிட்டது. அப்போதும் ஒரு தடயம் மிச்சமிருந்தது. உண்மையான வாட்ஸ்அப்பை இறக்கியவர்கள் நூறு கோடியைத் தாண்டியிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

ஆப்பிளின் சந்தை கட்டுப்பாடு மிகுந்தது, அங்கே இப்படி நடக்காது என்று சிலர் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் லாஸ்ட்பாஸ் என்னும் செயலியின் போலி ஒன்று ஆப்பிளின் சந்தைக்குள்ளேயே நுழைந்தது. பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாற்றி 'லாஸ்பாஸ்' என்று வைத்திருந்தார்கள். சின்னமும் ஏறக்குறைய அதே. உருவாக்குநர் பெயர் மட்டும் நிறுவனத்தின் பெயராக இல்லாமல் ஒரு தனிமனிதரின் பெயராக இருந்தது. லாஸ்ட்பாஸ் நிறுவனம் தானே முன்வந்து வாடிக்கையாளர்களை எச்சரித்த பிறகு ஆப்பிள் அதை நீக்கியது. எல்லாப் பூட்டுகளின் சாவியையும் வைக்கும் பெட்டி அது. அந்த ஒரு வரியைப் படிப்பதற்குச் செலவாகும் இரண்டு வினாடிக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதைக் கேட்டுவிட்டு, பெரிய நிறுவனத்தின் சொந்தச் செயலிகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுப்பது அவசரமாகும். வெளியார் செய்தவை பல நேரங்களில் சொந்தச் சரக்கைவிடச் சிறப்பாக இருந்திருக்கின்றன. டுவிட்டர் நிறுவனத்துக்கு 2010 வரை ஐபோனுக்கென்று சொந்தச் செயலி கிடையாது. டுவீட்டி என்று வெளியார் ஒருவர் செய்திருந்த செயலியை விலைக்கு வாங்கித்தான் அது தன் அதிகாரபூர்வச் செயலியாக்கிக்கொண்டது. நேற்று மூன்றாம் தரப்பாக இருந்தது இன்று முதல் தரப்பானது. அதே நிறுவனம் 2023 ஜனவரியில் முன்னறிவிப்பு எதுவுமின்றி வெளியார் செயலிகளுக்குக் கதவைச் சாத்தியது. டுவீட்பாட், டுவிட்டரிஃபிக் போன்று பல ஆண்டுகள் நற்பெயரோடு இருந்த செயலிகள் ஒரே இரவில் வேலை செய்யாமல் நின்றன. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ரெடிட் தளத்துக்கான அப்போலோ செயலியும் மூடப்பட்டது. ரெடிட் கேட்ட புதிய கட்டணத்தைத் தாங்க முடியாது என்று அதைச் செய்தவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இவை மோசடிச் செயலிகள் அல்ல. நல்ல செயலிகள், நல்ல மனிதர்கள் செய்தவை. ஆனால் இன்னொருவர் நிலத்தில் எழுப்பிய வீடுகள். அந்த ஆபத்து எந்த முத்திரையிலும் எழுதப்படுவதில்லை.

சொந்தச் சரக்கும் நிலையானதல்ல. கூகல் தன் சொந்த மின்னஞ்சல் செயலியான இன்பாக்ஸை 2019 ஏப்ரலில் மூடியது. வலையொலிச் செயலியை 2024இல் மூடியது. வேறுபாடு ஒன்று உண்டு. மூடும் முன் அறிவிப்பு வந்தது, சேமித்தவற்றை எடுத்துச் செல்ல வழி காட்டினார்கள். 'ஆதரவு' என்ற சொல்லுக்கு நடைமுறையில் இதுதான் பொருள். பழுதே வராது என்பதல்ல, பழுது வந்தால் கதவைத் தட்ட ஒரு முகவரி இருக்கிறது என்பது.

எல்லாவற்றையும்விட நுட்பமான ஆபத்து, இறக்கிய பிறகு உரிமையாளர் மாறுவது. கைப்பேசியில் பட்டைக் குறியீட்டைப் படிக்கும் ஒரு சாதாரணச் செயலி பல ஆண்டுகளாகக் கூகல் பிளேயில் இருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டிருந்தது. 2020இன் இறுதியில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பின், கைப்பேசி தானாகவே விளம்பரப் பக்கங்களைத் திறக்கத் தொடங்கியது. மால்வேர்பைட்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2021 பிப்ரவரியில் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இதில் பயனாளரின் தவறு என்று எதையும் சொல்ல முடியாது. அவர் இறக்கியபோது அது நல்ல செயலிதான்.

சங்கங்களும் கோயில்களும் சிறு வணிகர்களும் இணையத்தளம் அமைக்க வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அதன் துணைநிரல்களிலும் இதே கதை நடந்தது. டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற துணைநிரல் ஏறத்தாழ 2 இலட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அதன் ஆசிரியர் அதை வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் அதற்குள் இரகசியக் கதவு ஒன்றை வைத்து, தளத்தின் சொந்தக்காரருக்கே தெரியாமல் அந்தத் தளங்களில் விளம்பரக் கட்டுரைகளைப் புகுத்தினார். வேர்ட்பிரஸ் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டு, திரும்பி வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இறுதியாக நீக்கப்பட்டது. இளைஞர் ஒருவர் சேவை மனப்பான்மையோடு அமைத்துக் கொடுத்துவிட்டு வேலை மாற்றிப் போய்விட்ட சங்க இணையத்தளங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. அவற்றுள் என்னென்ன துணைநிரல்கள் இருக்கின்றன, அவற்றின் இன்றைய சொந்தக்காரர் யார் என்பதை அந்தச் சங்கத்தின் செயலாளரிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அலமாரிச் சொந்தக்காரரே சரக்கைக் கைப்பற்றிக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. 2024 அக்டோபரில், டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துடன் ஏற்பட்ட தகராற்றில், அந்நிறுவனம் பராமரித்து வந்த புகழ்பெற்ற துணைநிரல் ஒன்றின் பக்கத்தை வேர்ட்பிரஸ் தளத்தின் நிர்வாகம் எடுத்து வேறு பெயரில் நடத்தத் தொடங்கியது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டு இடைக்கால உத்தரவு போட்ட பிறகே பக்கம் திரும்பக் கிடைத்தது. இருபது இலட்சம் தளங்களுக்கு மேல் பயன்படுத்திய துணைநிரல் அது. சில வாரங்களுக்கு அதற்கு யார் பொறுப்பு என்பதே வழக்காகிவிட்டது.

இனி, சந்தைக்கு வெளியே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் வயிற்றில் அடித்தது அங்கேதான். 2022 ஏப்ரலில் ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், மலேசியாவின் எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வீடு சுத்தம் செய்யும் நிறுவனங்களின் பெயரில் ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும். பதிவு செய்யச் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அது பிளே ஸ்டோரில் இருக்காது, அவர்களே அனுப்பும் இணைப்பில் இருக்கும். கட்டணம் செலுத்தப் போனால் வங்கிகளின் பட்டியல் வரும். அங்கே தட்டும் கடவுச்சொல் நேராக மோசடிக்காரரிடம் போய்ச் சேரும். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணையும் அந்தச் செயலியே படித்து அவருக்கு அனுப்பிவிடும்.

சிங்கப்பூரில் 2023இல் இது பெருவெள்ளமானது. வீடு சுத்தம், குளிர்சாதனப் பழுது, கடல் உணவு, செப்டம்பர் வந்தால் மூன்கேக் என்று பருவத்துக்கேற்ற விளம்பரங்கள். வாட்ஸ்அப்பில் பேச்சு, பிறகு ஒரு ஏபிகே கோப்பு. அந்த ஆண்டில் மட்டும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தீங்கு மென்பொருள் புகுந்த மோசடிகள் 1,899 பதிவாயின. இழப்பு குறைந்தது 3 கோடியே 41 இலட்சம் வெள்ளி. ஜூன் மாதத்தில் மத்திய சேம நிதியிலிருந்தே பணம் போன செய்தி வந்தபோதுதான் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓய்வுக் காலத்துக்கென்று வாழ்நாள் முழுதும் சேர்த்த பணம், இறால் வாங்கப் போன இடத்தில் போனது.

அந்தச் செயலிகள் கேட்ட அனுமதிகளைக் கவனிக்க வேண்டும். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி, அறிவிப்புகளைப் படிக்க அனுமதி, அணுகல் சேவைக்கு அனுமதி. இந்தக் கடைசி ஒன்று, பார்வை குறைந்தவர்களும் கை நடுங்குபவர்களும் கைப்பேசியைப் பயன்படுத்துவதற்காக வைக்கப்பட்ட நல்ல வசதி. அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், பயனாளருக்குப் பதிலாகப் பொத்தானைத் தொடும். இறால் விற்பவருக்கு அது எதற்கு?

வங்கிகள் நடவடிக்கை எடுத்தன. 2023 ஆகஸ்டில் ஓசிபிசி வங்கி, சந்தைக்கு வெளியிலிருந்து இறக்கப்பட்டு ஆபத்தான அனுமதிகள் பெற்ற செயலி கைப்பேசியில் இருந்தால் தன் வங்கிச் செயலி திறக்காதபடி செய்தது. உடனே வாடிக்கையாளர் பலர் கோபப்பட்டார்கள். 'என் கைப்பேசியில் என்ன வைத்திருக்கிறேன் என்று பார்க்க வங்கிக்கு என்ன உரிமை?' என்பது அவர்கள் கேள்வி. கேள்வி தவறானதல்ல. நம்பகமான செயலிகளும் அதில் மாட்டிக்கொண்டன. ஆனால் பணம் போன பிறகு அதே வங்கியின் வாசலில்தான் நிற்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வங்கி செய்தது குறைவான தீமை என்றே சொல்லத் தோன்றும். பிற வங்கிகளும் பின்தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு முகவையுடன் சேர்ந்து, இத்தகைய அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை இறங்கும்போதே தடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் சோதித்தது.

ஜிபி வாட்ஸ்அப் போன்றவற்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கூடுதல் வசதி தருகிறது என்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது அது. வாட்ஸ்அப் நிறுவனம் அதை அங்கீகரிப்பதில்லை. பயன்படுத்துவோரின் கணக்கை முடக்குவதும் உண்டு. அலமாரியிலும் இல்லை, சொந்தக்காரரும் ஏற்கவில்லை, செய்தவர் யாரென்றும் தெரியாது. ஒரு குடும்பத்தின் எல்லா உரையாடல்களும் அதன் வழியாகப் போகின்றன.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய வித்தை எதுவும் இல்லை. வங்கிச் செயலியைத் தேடுபெட்டியில் தேடி இறக்குவதைவிட, வங்கியின் இணையத்தளத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பைத் தொடுவது மேல். உருவாக்குநர் பெயரைத் தொட்டால் அவர் செய்த மற்றச் செயலிகள் தெரியும். வங்கியின் பெயரில் இருப்பவர் பக்கத்தில் ஜாதகமும் விளையாட்டும் கிடந்தால் அங்கிருந்து வெளியேறலாம். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதியும், தொடர்பு கொள்ளும் முகவரியும் அதே பக்கத்தில் இருக்கும். காசு கொடுத்து வாங்கியது சரியில்லையென்றால் கூகலிடம் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதன் பிறகு உருவாக்குநரைத்தான் கேட்கச் சொல்வார்கள். அந்த முகவரி ஏன் முக்கியம் என்பது அப்போது தெரியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கைப்பேசியில் உள்ள செயலிகளை மாதம் ஒருமுறை பிள்ளைகள் உடனிருந்து பார்ப்பதும் நல்லது. அவர்களைத் திட்டாமல் பார்ப்பது இன்னும் நல்லது. திட்டு வாங்கிய பெரியவர் அடுத்த முறை காட்டமாட்டார்.

2025 ஆகஸ்டில் கூகல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சந்தைக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், தன்னை யாரென்று பதிவு செய்து அடையாளம் காட்டாத உருவாக்குநரின் செயலி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இறங்காதபடி செய்யப்படும் என்பது அது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனீசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் முதலில் தொடங்குவதாகத் திட்டம். இலவசச் செயலிகளைத் திரட்டி அளிக்கும் எஃப்-டிராய்டு என்ற அமைப்பு இதைக் கடுமையாக எதிர்த்தது. பெயர் சொல்ல விரும்பாத நேர்மையான தொண்டர்களும் இதனால் வெளியேற்றப்படுவார்கள் என்றது. நவம்பரில் கூகல் சற்று இறங்கி வந்து, ஆபத்தை அறிந்து ஏற்கும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி தருவதாகச் சொன்னது. அடையாள அட்டையைக் காட்டியவர் என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் உறுதி செய்யாது. செயலி நல்லதா, நாளை அதை வேறொருவருக்கு விற்றுவிடுவாரா என்பதெல்லாம் அதில் வராது. முதல் நான்கு நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இல்லை.